இவர் வெறும் டிரைவர் இல்லை

சித்தப்பா கால் டாக்ஸியில் ஏறினால் முன்சீட்டில்தான் உட்காருவார். பின்சீட்டிலிருந்து டிரைவரின் பிடரிதான் தெரியும். வெறும் பிடரியை வைத்துக்கொண்டு ஒருவன் மஃப்டி போலீஸா, தலைமறைவான தாதாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வியாதி 1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'வில் தொற்றியது. ஆட்டோக்கார மாணிக்கம் உண்மையில் பம்பாய் தாதா என்று தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா எந்த ஆட்டோக்காரரிடமும் பேரம் பேசியதில்லை. அப்படிப் போன காசில் ஒரு ஆட்டோவே வாங்கியிருக்கலாம் என்பது சித்தியின் கணக்கு. கொஞ்சம் தணிந்திருந்த நேரத்தில் பேத்தி 'டாக்ஸி டிரைவர்' என்ற கொரியத் தொடரைப் போட்டுக் காட்டிவிட்டாள். 2021இல் வந்தது. சிறப்புப் படையில் இருந்த ஒருவன் டாக்ஸி ஓட்டுகிறான். சட்டம் கைவிட்டவர்களுக்காகப் பழிவாங்குவதுதான் அந்த டாக்ஸி கம்பெனியின் அசல் தொழில். அவ்வளவுதான், மறுபடி ஜுரம்.

"இதெல்லாம் கதை சித்தப்பா" என்றேன்.

"1976ல வந்த 'டாக்ஸி டிரைவர்' படத்துக்காக ராபர்ட் டி நீரோ நியூயார்க்ல நிஜமாவே டாக்ஸி ஓட்டினான்டா. நடிக்கிறதுக்கே ஒருத்தன் ஓட்டறான்னா, துப்பறியறதுக்கு ஓட்டமாட்டானா?"

இந்த ரகத்தோடு வாதாடக் கூடாது. ஆதாரம் வைத்திருப்பார்கள்.

போன மாதம் தி.நகரிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஓடிபி சொல்லி முடிப்பதற்குள் விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க தம்பி?"

"டைல்ஸ் ஒட்டிட்டிருந்தேன் சார்."

"கையில தழும்பு?"

"டைல்ஸ் கட்டர் சார்."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு சுத்தமாகத் தயார் பண்ணி வைத்திருக்கிறான் பார் என்று அர்த்தம். அப்போது டிரைவருக்கு ஒரு போன். "அரைக் கிலோதானே? ராத்திரி கொண்டாந்துடறேன்" என்று வைத்தார். சித்தப்பாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. நெத்திலி என்று நானே கேட்டுச் சொன்ன பிறகும் நம்பவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை டிரிப்? வண்டி சொந்தமா? யார் பேர்ல இருக்கு?"

கத்திப்பாரா தாண்டியதும் டிரைவரின் பதில்கள் சுருங்கின. மீனம்பாக்கத்தில் சத்தமில்லாமல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பல்லாவரம் சிக்னலில் குரல் இறங்கியது.

"சார், பர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு. சார்... ஆர்டிஓ ஆபீஸுங்களா?"

முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்ற சித்தப்பா, கண்ணாடி வழியே நேராகச் சாலையைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்:

"அதையெல்லாம் கேக்காதீங்க தம்பி."

தாம்பரத்தில் டிரைவர் இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டார். எண்ணி, சரியாகச் சில்லறையும் கொடுத்தார்.

மறுநாள் காலையில் சித்தி போன் பண்ணினாள்.

"ஏண்டா, உங்க சித்தப்பா விடிஞ்சதுலேருந்து வீட்டுக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டுண்டு உலாத்தறார். பால்காரன்கிட்ட ஆதார் கார்டு கேக்கறார். கல்யாணத்துல என்னடா சாப்பிட்டேள்?"