டிவிக்குக் கால் முளைத்த கதை

2006-ல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவிக்காக யாரும் ஸ்டாண்டு தேடி அலைந்ததாக எனக்கு நினைவில்லை. முக்காலி, அரிசி டிரம், தையல் மிஷின் மேசை, எது காலியாக இருந்ததோ அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முதுகுப்பக்கம் அவ்வளவு பெரிய தொந்தி இருந்தும் அது கேட்ட இடம் கொஞ்சம்தான்.

இப்போது தொந்தி கரைந்துவிட்டது. ஆனால் கால் இரண்டும் ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கிவிட்டன. எங்கள் வீட்டுக்கு வந்தது 43 இன்ச். அது மூலைக்கு மூலை அளக்கிற கணக்கு. அகலம் மட்டும் மூன்றடிக்குமேல். பழைய முக்காலியில் வைத்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். சுவரில் மாட்டலாம் என்றால், சுவர் தாத்தா கட்டியது. ஆணி அடித்தால் ஆணி உள்ளே போகாது, சுவர்தான் வெளியே வரும்.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "பக்கத்துல சுருட்டப்பள்ளியில சிவனே படுத்துக்கிட்டு இருக்காரு. டிவி மட்டும் ஏன் மாப்ள நின்னுக்கிட்டே இருக்கணும்? பீரோவுல சாய்ச்சு வைங்க" என்றார். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் இருக்கிற பள்ளிகொண்டீஸ்வரரை இப்படி ஒரு வழக்குக்கு யாரும் சாட்சிக்கு அழைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்டாண்டுக்கு மனைவி போட்ட நிபந்தனை இரண்டே இரண்டு: விலை குறைவு, ஸ்டைல். ஊத்துக்கோட்டையில் அது லேசில்லை. எங்கள் ஊர் எல்லாவற்றுக்கும் வழிதான். திருப்பதி பஸ் இப்படித்தான் போகும். கிருஷ்ணா தண்ணீர் இந்தப் பக்கமாகத்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டிக்குப் போகும். பர்னிச்சர் லாரியும் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும்.

திருவள்ளூரில் ஒரு கடையில் பளபளவென்று ஒன்று இருந்தது. தேக்கு மாதிரியே ரேகை. தட்டிப் பார்த்தால் சத்தம் தேக்கு இல்லை. மரத்தூளைப் பசை விட்டு அழுத்திய பலகை. மேலே மரம் அச்சடித்த காகிதம். அதில் ஸ்குரூவை ஒரு தடவை கழற்றிவிட்டால் மறுபடி பிடிப்பு இருக்காது. ஓரத்தில் ஈரம் ஏறினால் டீயில் தோய்த்த ரஸ்க் மாதிரி ஊதிவிடும். பிச்சாட்டூரில் தண்ணீர் திறந்தாலே ஆரணியாறு எட்டிப் பார்க்கிற ஊருக்கு இதை வாங்கிப் போவதா? விலையைக் கேட்டேன். அந்தப் பணத்தில் இன்னொரு டிவியே வாங்கலாம்.

உயரமும் இடித்தது. கடை ஸ்டாண்டெல்லாம் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவர்களை நினைத்துச் செய்தவை. எங்கள் வீட்டில் டிவி பார்ப்பது தரையில், மடியில் தட்டோடு. தரையில் உட்கார்ந்தால் கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். ஸ்டாண்டு ஒன்றரை அடியைத் தாண்டினால் சீரியலை அண்ணாந்து, கோபுர தரிசனம் மாதிரிதான் பார்க்க வேண்டும். அவ்வளவு பணம் கொடுத்துக் கழுத்துவலி வாங்குவானேன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற மச்சான்தான் வழி சொன்னான். "மாமா, எங்க பக்கம் வாங்க. கம்பெனிக்கு மிஷின் வர்ற பேலட் கட்டை பழைய மரக்கடையில குவிஞ்சு கிடக்கு." வெளிநாட்டு பைன் மரம். மிஷின் உள்ளே போனதும் மரம் அநாதை. ஒவ்வொரு பேலட்டிலும் ஒரு முத்திரை: கட்டத்துக்குள் கோதுமைக் கதிர், பக்கத்தில் எந்த நாடு என்று இரண்டு எழுத்து, கீழே பூச்சி சாக என்ன செய்தார்கள் என்ற குறிப்பு. எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்தது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷப்புகை போட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. நான் கட்டை கட்டையாகப் புரட்டி முத்திரை படித்ததைப் பார்த்த கடைக்காரர், கஸ்டம்ஸ் ஆள் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆசாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கள்ளிப்பெட்டிக் கட்டையைக் கொண்டாந்து கொட்டியிருக்கீங்களே சார்!" ஸ்டாண்டு செய்ததைவிட ஆணி பிடுங்கத்தான் அவருக்கு நேரம் ஆனது. எல்லாம் முறுக்காணி. கடப்பாரையால் நெம்பினால் தலை மட்டும் கையோடு வரும், உடம்பு மரத்திலேயே இருக்கும். ஆனால் இழைப்புளி ஓடியதும் மஞ்சள் மரம் முகம் காட்டியது, பிசின் வாசனை வந்தது. அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முன்பலகையில் இருந்த முத்திரையை இழைக்கப் போனபோது மனைவி குறுக்கே நின்றுவிட்டாள். "அது இருக்கட்டும் ஆசாரி, வார்னிஷை அதுமேலயே அடிங்க."

ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஸ்டாண்டைப் பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா, "எங்கம்மா வாங்கினே?" என்றதும் மனைவி அந்த 'டி.இ.' எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "ஜெர்மனி அக்கா."

அக்கா குனிந்து கோதுமைக் கதிரை நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, எங்களுக்கு ஜப்பான்ல கிடைக்குமா? டிவி ஜப்பான் கம்பெனி."