மணலும் மணல் சார்ந்த அத்தையும்

என் மச்சினன் அரிசோனாவில் இருக்கிறான். வருஷம் தவறாமல் கிராண்ட் கேன்யன் போய், விளிம்பில் நின்று இரண்டு கையையும் விரித்துப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். பின்னாலேயே பாடமும் வரும். நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் ஒரு மைலுக்கு மேல், தேசியப் பூங்கா ஆனது 1919-இல், கொலராடோ ஆறு 50, 60 லட்சம் வருஷமாக அறுத்த பள்ளம், மச்சான்! படத்தைப் பார்த்து என் மனைவி ஒரு பெருமூச்சு விடுவாள். அது தம்பியை நினைத்து விடும் பெருமூச்சு அல்ல.

“ஏன், நமக்கு ஆறு இல்லையா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யோசித்தேன். குண்டோதரன் தாகம் தீரச் சொக்கநாதர் வரவழைத்த வைகைக்கு இன்றைக்கு அழகர் இறங்கவே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. பாறையை அறுக்கும் தெம்பு அதற்கு ஏது?

சரி, பள்ளம் இல்லாவிட்டால் பாலைவனம். திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம்.

சங்கம் வைத்த ஊர்க்காரனுக்குப் பாலைத்திணை என்ன புதுசா? தலைவன் பொருள் தேடிச் சுரம் கடந்து போவான். தலைவி வளை கழல வீட்டில் இருந்து ஏங்குவாள். என்ன அருமையான ஏற்பாடு! எங்கள் வீட்டுத் தலைவி முன்சீட்டில் ஏறி, ஏசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்சீட்டில் பையன், அவன் பக்கத்தில் என் மாமியார், அவர் மடியில் புளிச்சோற்றுத் தூக்குவாளி.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்து வந்தபோது கவுந்தியடிகள் கூட வந்தார். வழியில் கேலி பேசிய இரண்டு பேரை நரியாகப் போகும்படி சபித்தவர். அத்தை அவர் வழி. எலியார்பத்தி சுங்கச்சாவடி வருவதற்குள் நான்கு லாரிகளையும் ஓர் ஆம்னி பஸ்ஸையும் நரியாக்கிவிட்டார். ஹாரன் அடிக்காமல் முந்தியவர்கள் நரி. அடித்துக்கொண்டே முந்தியவர்களை என்ன ஆக்கினார் என்பதை எழுத முடியாது.

அருப்புக்கோட்டை தாண்டினால் கரிசல். அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்தது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பையனுக்குக் காட்டலாம் என்று வண்டியை ஓரங்கட்டினேன். “1882-இல் இங்கேதான்...” என்று நான் ஆரம்பிக்க, அத்தை வாளியைத் திறந்துவிட்டார். புளிச்சோற்று வாசனைக்கு முன்னால் வரலாறு நிற்குமா?

தூத்துக்குடி தாண்டியதும் உப்பளம். வெயிலில் கண் கூசும்படி வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள். “அப்பா, ஸ்னோ!” என்றான் பையன். “படம் எடுத்து மாமாவுக்கு அனுப்புடா” என்றேன். அங்கிருந்து திருச்செந்தூர் போய், காயாமொழிப் பக்கம் திரும்பினால் மண் சிவக்க ஆரம்பிக்கிறது. கருப்பு, வெள்ளை, சிவப்பு என்று வரிசையாகப் பார்த்ததும் அத்தைக்கு ஒரு கட்சிக்கொடி ஞாபகம் வந்து அரசியலுக்குள் இறங்கிவிட்டார். தேரி வந்து நான் வண்டியை நிறுத்தியபோது 1977 தேர்தலில் இருந்தார்.

தேரி என்றால் சும்மா செம்மண் இல்லை. மணல், ஒவ்வொரு பருக்கையின் மேலும் இரும்புத் துரு தோலாகப் படிந்த மணல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அள்ளி அள்ளிக் குவித்தது. ஆடிக் காற்றில் மேடு இடம் மாறும் என்பார்கள். அதைப் பிடித்து நிறுத்தத்தான் வனத்துறை மரம் நட்டது. இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-இல் எழுதியிருக்கிறார்கள். கற்காலத்தில் இங்கே ஆள் இருந்திருக்கிறான். வேட்டைக்குப் போனவன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனானா என்பதற்கு மட்டும் தடயம் இல்லை.

தார் ரோட்டோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. மச்சினன் ஜீப்பில் மணல்மேடு ஏறிய வீடியோ கண்ணுக்குள் ஓட, இருபதடி உள்ளே விட்டேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, கார் கோழி அடைகாக்க உட்காருவதுபோல வாகாக உட்கார்ந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஏசியை அணைத்தாள், அவ்வளவுதான்.

பனை ஏறுகிற பெரியவர் ஒருவர் வந்தார். காரைச் சுற்றி வந்து, ஒரு சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, எந்த ஊரு?”

“மதுரை.”

“அதானே பாத்தேன்.”

டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். சக்கரத்துக்கு முன்னால் கையால் மண்ணைப் பறித்துவிட்டு, காய்ந்த பனை ஓலையை நான்கைந்து வரிசை சொருகினார். “பைய விடுங்க, மிதிக்காதீங்க” என்றார். வண்டி சாதுவாக வெளியே வந்தது. காசு நீட்டினேன்; வாங்கவில்லை. பதநீர் குடித்துவிட்டு அதற்கு மட்டும் காசு கொடுங்கள் என்றார். பச்சை ஓலையை மடித்து, காம்பால் கட்டிய பட்டையில் ஊற்றினார். இரண்டு கையாலும் ஏந்தி, ஓலை வாசனையோடு உறிஞ்ச வேண்டும். சாய்த்தால் சட்டை நனையும். என் சட்டை நனைந்தது. அத்தை மூன்று பட்டை குடித்துவிட்டு, “உடன்குடிக் கருப்பட்டிக்கு ஏன் அவ்வளவு பேர்னு இப்பத்தான் தெரியுது” என்றார். அன்றைக்கு அவர் சாபம் இல்லாமல் பேசிய முதல் வாக்கியம்.

பெரியவரே பக்கத்தில் மழைத்தண்ணீர் அறுத்த ஓடை ஒன்றைக் காட்டினார். ஆளுயரம் இருக்கும். இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், வரி வரியாக. எனக்குப் பொறி தட்டியது. “டேய், உள்ளே படுத்துக்கிட்டு மேல பாத்து எடு” என்றேன். பையன் படுத்தான். நான் விளிம்பில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். அசல் கேன்யன்! தலைப்பு எதுவும் போடாமல் குழுவில் அனுப்பினேன்.

அரிசோனாவில் அப்போது நடுராத்திரி. அப்படியும் பதில் வந்தது. “செம மச்சான்! எந்த நேஷனல் பார்க்?” ஒரு நிமிஷம் மிதந்தேன். அடுத்தது வந்தது: “அந்த ஆடு ஏன் அவ்வளவு பெருசா இருக்கு?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு, கேன்யனைவிட ஒரு சாண் உயரமாக, கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றது.

திரும்பும்போது அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனோம். சுற்றிலும் கொதிக்கிற தேரி, நடுவே தண்ணீர் சுரக்கும் சுனை. செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஓடிய ஓட்டத்தைப் பையன் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான். அமெரிக்கப் பூங்காக்களில் ஒரு கல்லைக்கூட எடுத்து வரக்கூடாதாம். இங்கே தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டு அன்று இளநீரை வெட்டுவார்கள். அந்தத் தண்ணீர் சிந்திய மண்ணை ஜனங்கள் அடித்துப் பிடித்து வீட்டுக்கு அள்ளிப் போவார்கள். நாங்கள் திருவிழாவுக்குக் காத்திருக்கவில்லை. சீட்டுக்கடியில், ஏசி துவாரத்தில், அத்தையின் சுருக்குப்பையில் என்று ஒரு மரக்கால் மண் எங்களோடு மதுரை வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை வண்டியைக் கழுவ விட்டேன். கால்மிதியை உதறிய பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“அண்ணே, செங்கச் சூளைக்கு லோடு அடிக்கிறீங்களா?”