இன்ஜின் இறக்க நாள் பார்ப்பது

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய லாரி வைத்திருப்பவரிடம் "இன்ஜினை எப்போ இறக்கி வேலை பார்க்கப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கென்னங்க, ஓடுதில்ல!" என்பார்.

ஓடத்தான் செய்கிறது. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் ரோடு தெரிவதில்லை. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. பெரும்பாலும் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கும். கறுப்பு என்றால் பதற வேண்டாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம். வெள்ளை, காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வந்தால் தப்பில்லை. நாள் முழுக்க வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். ஓனருக்கு மூன்றும் ஒரே நிறம்: "டீசல் சரியில்லை."

மெக்கானிக் விடவில்லை. இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை.

"பேக் கம்ப்ரஷன் அடிக்குதுங்ணா, ரிங் தேஞ்சிருக்கு."

"மூடியைப் போடு தம்பி, நின்னுரும்."

வண்டி ஆயில் குடிப்பதைச் சொன்னால் ஓனர் அதையும் லாபக் கணக்கில் எழுதுவார். டிரிப்புக்கு டிரிப் ஊற்றுவதால் உள்ளே எப்போதும் புது ஆயிலாம். மாற்றும் செலவு மிச்சமாம். தொப்பூர் ஏற்றத்தில் வண்டி முதல் கியரில் முனகினால் குற்றம் டிரைவருடையது. கிலோமீட்டர் கணக்கைப் பார்க்கலாமென்றால், மீட்டர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது.

எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி நெருங்கியது. ஓனரும் ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு செலவு செய்தார். கேபினுக்குப் புது பெயிண்ட்.