ஜிலேபி குடியேறிய படலம்

ஜிலேபி என்றதும் சர்க்கரைப் பாகு நினைவுக்கு வந்தால் நீங்கள் அம்பத்தூர்க்காரர் இல்லை. கொரட்டூர் ஏரியிலும் ஆவடி பருத்திப்பட்டு ஏரியிலும் தூண்டில் போட்டவனுக்கு அது மீன். விராலுக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்தவன் ஏழு ஜிலேபியோடு வீடு திரும்புவது இந்தப் பக்கத்து மரபு.

பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1930களில் ஜாவா தீவின் கடலோரத்தில் முஜாயிர் என்பவர் கையில் சிக்கியது. இங்கே எப்படி வந்தாய் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்தான் அடைகாக்கும்.

வெளியூர் ஜீவனைக் கூட்டிவருவது நமக்குப் புதிதல்ல. 1847இல் பென்சன் துரை ஆப்பிரிக்க ராட்சத நத்தையை மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டவர்தானே! அது அவர் சொந்த ஆசை. ஜிலேபிக்கோ 1952இல் அரசு மரியாதை. தாய்லாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரவழைத்தார்கள். எதையும் தின்னும், எங்கும் வளரும், ஏழைக்குப் புரதம் என்று கல்யாணத் தரகர் கணக்காகச் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. இரண்டு மூன்று மாதத்திலேயே பெற்றுப் பெருகி, குளம் நிறைய உள்ளங்கை அளவுப் பொடிமீனாக நிற்கும் என்பதைத்தான் தரகர் விழுங்கிவிட்டார். 1959இல் மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. உத்தரவின் நகல் ஏரிக்குப் போய்ச் சேரவில்லை.

1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பிறகு ஆலைக்கழிவும் வீட்டுச் சாக்கடையும் கொரட்டூர் ஏரிக்கு வழி கண்டுபிடித்தன. நாட்டு மீன்களுக்கு மூச்சு முட்டியது. ஜிலேபியோ மேல்தண்ணீருக்கு வந்து வாயைப் பிளந்து காலம் தள்ளியது. சும்மாவும் கிடக்காது. கல்யாணப் பந்தலுக்குக் கால் நடுவதுபோல ஆண்மீன் ஏரித்தரையில் குழி பறிக்கும். அடியில் படிந்த சேறு தன் சத்தோடு மேலே கிளம்பும். அதைத் தின்று பாசி பச்சைப்பசேலென்று கொழுக்கும். ராத்திரியில் அந்தப் பாசியே ஆக்சிஜனை உறிஞ்சிக் காலி செய்யும். மிச்சமிருந்த மீன்களும் மிதக்கும். ஜிலேபிக்கு இன்னும் நாலு கிரவுண்ட் காலி. கிழக்கிந்தியக் கம்பெனிகூட இவ்வளவு சிக்கனமாக ஊரைப் பிடித்ததில்லை.

சாக்கடையை அந்த மீனா திறந்துவிட்டது என்று கேட்டால், இல்லைதான். அந்த வேலையை நாம் பார்த்துக்கொண்டோம்.

போன வாரம் மீன்காரம்மாவிடம், “இது வெளிநாட்டு மீன், தெரியுமாம்மா?” என்றேன்.

“காலைல ஏரில புடிச்சது சார். துள்ளுது பாரு,” என்றாள்.

அரைக் கிலோ போடச் சொன்னேன்.