பங்காளிச் சாக்கடை

புதுக்கோட்டைச் சீமையில் மேலூர்க் கண்மாய் நிரம்பினால், கலிங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். மழை குறைந்தாலும் நாம் அந்தப் பங்கீட்டைக் கைவிடவில்லை. பல இடங்களில் அதே வரத்துவாரியில் சாக்கடையை அனுப்பிவைக்கிறோம். பெங்களூருக்காரர்கள் 2018 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நமக்கு அந்த வீண் தாமதமெல்லாம் பிடிக்காது. நல்ல தண்ணீருக்கு என்ன குறை? காவிரி–குண்டாறு இணைப்புக்கு 2021-இல் விராலிமலை அருகே அடிக்கல் நாட்டியாயிற்றே, காத்திருக்கலாம். நாலு ஊருக்கும் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டலாமா என்று கேட்டால், மறுப்பவர் எவருமில்லை. நிலையம் பொதுவில் இருக்கட்டும், தண்ணீர் நமக்கு வரட்டும், இடத்தை மட்டும் பக்கத்து ஊர் கொடுக்கட்டும் என்பதில் நாலு ஊருக்கும் ஒரே கருத்து.