ரெக்கார்டு நோட்டில் பாடபேதம்: ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பயில்வோர், ஆய்வகத்தில் இயக்கிய நிரல்களை ஒரு பக்கம் கோடிட்டும் மறுபக்கம் வெறுமையாகவும் அமைந்த கெட்டி அட்டை ஏட்டில் மீண்டும் கையால் எழுதி ஒப்படைக்கும் மரபு நெடுங்காலமாக நிலவுகிறது. ரெக்கார்டு நோட்டு எனப்படும் இவ்வேட்டில் ஆசிரியர் கையொப்பம் இல்லையெனில் செய்முறைத் தேர்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டுவது அரிது. இத்தகைய சிறப்பிருந்தும் மூலபாட ஆய்வு, அதாவது பல பிரதிகளை ஒப்பிட்டு முதல் வடிவத்தை மீட்கும் துறை, இதனைத் தீண்டாமல் விட்டது வியப்பே. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் பின்பற்றிய ஒப்புநோக்கு முறை இங்கும் பொருந்தும். கரையான் தொல்லை மட்டும் இல்லை.

எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என ஐந்து உறுப்புகளைக் கொண்டது ஒரு சோதனைக் குறிப்பு. இவற்றுள் ரிசல்ட் என்பது நிரல் வெற்றிகரமாக இயங்கியது என்று சொல்லும் ஒற்றை வாக்கியமாதலால் அதில் பாடபேதமே, அதாவது பிரதிக்குப் பிரதி வரும் வேறுபாடே, தோன்றுவதில்லை; இயங்காத நிரலுக்கும் அதுவே எழுதப்படும்.

பேதங்கள் மலிந்த இடம் புரோகிராம் பகுதியே. முந்தைய ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து விடிய விடியப் படியெடுப்பவர், ஒன்று முதல் பத்து வரை எண்களை அச்சிடும் ஃபார் கட்டளையின் அடைப்புக்குறியை மூடியவுடன் தூக்கக் கலக்கத்தில் ஓர் அரைப்புள்ளி இட்டுவிடுகிறார் என்று கொள்வோம். அவ்வரைப்புள்ளியால் சுழற்சி வெறுமனே சுற்றி முடிய, அதன்பின் அச்சாவது பதினொன்று என்ற ஒரே எண்தான். ஆனால் எதிர்ப்பக்கத்தில், பென்சிலால் கட்டம் போட்ட அவுட்புட்டில், ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. இவ்வரைப்புள்ளி எந்தெந்த ஏடுகளில் தொடர்கிறதோ அவையனைத்தும் ஒரே மூதாதைப் பிரதியின் வழிவந்தவை எனத் துணியலாம். பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் நிரலின் அவுட்புட்டில், பட்டம் பெற்று எப்போதோ வெளியேறிய எவரோ ஒருவரின் பெயர் வணக்கம் பெற்றுக்கொண்டிருப்பதும் இவ்வகைச் சான்றே.

காலக்கணிப்புக்கு உதவுவது டர்போ சி, அதாவது போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட சி மொழித் தொகுப்பான். திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் கட்டளையும் அதற்குரிய கோனியோ தலைப்புக் கோப்பும் அத்தொகுப்பானோடு வந்தவை. 1989இல் வகுக்கப்பட்ட சி மொழித் தரத்தில் இடம்பெறாதவை. லினக்ஸ் நிறுவிய ஆய்வகத்தில் அக்கோப்பைச் சேர்க்கும் வரியிலேயே நிரல் பிழை காட்டி நின்றுவிடும். எனினும் அங்கு எழுதப்படும் ஏடுகளிலும் அது குறையாது வருவதால், எழுதுபவர் ஆய்வகத்தைவிட ஏட்டையே நம்புகிறார் என்பது தெளிவு. இந்நம்பிக்கை பிழையென்று சொல்லத் துணிவார் எவருமிலர். ஏனெனில் மதிப்பெண் ஏட்டுக்குத்தான்.

கையெழுத்தில் நிரல் எழுதினால் அது மனத்தில் பதியும் என்பது இம்மரபைக் காப்போர் கூறும் காரணம். பதிவது உண்மையே, அரைப்புள்ளி உட்பட.

எஞ்சியிருப்பது முதல் ஏடு யாருடையது என்ற வினா. துறை வழங்கும் லேப் மேனுவலே மூலம் என்பது ஒரு கொள்கை. அம்மேனுவலே நல்ல கையெழுத்துள்ள ஒரு மாணவரின் ரெக்கார்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்டது என்பது மறுகொள்கை. பதினொன்று அச்சிடும் நிரல் மேனுவலிலும் காணக் கிடைக்குமாயின் இம்மறுகொள்கைக்கு வலுவுண்டு. வழக்கைத் தீர்க்கவல்ல பழைய ஏடுகள் துறையின் பீரோவில் உள்ளன, சாவியோ ஆய்வக உதவியாளரிடம் உள்ளது. அவர் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினருக்கு டிபன் வாங்கப் போயிருக்கிறார்.