பலகை மட்டும் பத்திரம்

தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுத்து உதிர்ந்து, துருவேறி, ஆடு முதுகு சொறிய வாகாகச் சாய்ந்து நிற்கும். பல ஊர்களில் பாதுகாப்பு என்றால் அந்தப் பலகைதான்.

மத்திய அரசின் பொறுப்பில் இருந்த சின்னங்கள் 3,693. அதில் 50 காணோம் என்று 2022இல் கலாசார அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. அப்போது காவலாளி இருந்தது 248 இடங்களில். கோயில் வாசலில் செருப்பு தொலைவது நமக்குப் பழக்கம். இவர்கள் கட்டடத்தையே தொலைக்கிறார்கள். ஹரியானாவில் முகலாயர் காலத்து மைல்கல் தூண் ஒன்று. ஊர் பேர் தெரியாதவனுக்கும் வழிகாட்ட நட்டது. அதையே தொலைத்தார்கள்.

"மண்ணுக்குள் இருப்பதை அப்படியே விட்டுவைப்போம், நாளைக்கு நல்ல கருவி வரும்" என்று ஒரு கட்சி. "ரேடாரும் டிரோனும் இருக்கிறதே, இன்றே தோண்டுவோம்" என்று இன்னொரு கட்சி. ஏ.சி. அரங்கில் காரசாரமான விவாதம், முடிவில் முந்திரி பக்கோடா. இரண்டு கட்சியும் பேசுவது நியாயம்தான். நடப்பது இரண்டும் இல்லை.

ஆதிச்சநல்லூருக்கு வாருங்கள். அலெக்சாண்டர் ரீ என்கிற வெள்ளைக்காரர் அங்கே தோண்டி முடித்தது 1905. கிடைத்த பொருள்களின் பட்டியல் 1915இல் அச்சாகிவிட்டது. கணினி இல்லாத காலம். நம் துறை 2004இல் தோண்டியது. 169 முதுமக்கள் தாழிகள். 2019 வந்தும் முழு அறிக்கை வெளிவரவில்லை. அங்கே கிடைத்த பொருள்களின் வயது கி.மு. 905, கி.மு. 696 என்பதே நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. மூவாயிரம் வருஷம் மண்ணுக்குள் காத்திருந்தவர்கள், கூட ஒரு 15 வருஷம் காத்திருக்க மாட்டார்களா என்று துறையில் நினைத்திருப்பார்கள்.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தோண்டுவதே ஒரு வகையில் அழிப்பதுதான். எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் வரலாறு. கலைத்துவிட்டால் திரும்ப அடுக்கிவைக்க அது இட்லித் தட்டு இல்லை. குழி போனபின் மிஞ்சுவது அறிக்கை மட்டுமே. அதையும் எழுதாவிட்டால் நடந்தது அகழாய்வு இல்லை, பள்ளம் வெட்டிய வேலை.

சரி, ஒருவர் எழுதினார். கீழடியைத் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணாவை 2017இல் அசாமுக்கு அனுப்பினார்கள். அப்படியும் 982 பக்கம் எழுதி 2023 ஜனவரியில் கொடுத்தார். இரண்டு வருஷம் மூச்சில்லை. 2025 மே மாதம் "திருத்திக் கொண்டுவா" என்றார்கள். முடியாது என்றார். ஜூனில் மறுபடியும் மாற்றல். எழுதாத துறைக்குக் கேள்வி இல்லை. எழுதினவருக்குப் பெட்டி படுக்கை.

கோயில் சுவரில் காதலி பேரைக் கீறும் பையனுக்கு 2 ஆண்டு வரை. தோண்டிவிட்டு எழுதாமல் இருந்தால் எத்தனை ஆண்டு? பலகையில் தேடிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.